ஏசி இல்லாமல் குளிர்ந்த குகை மடங்கள்: மலையையே வீடாக்கியது எப்படி?

மே மாதம் சாயர்புரத்தில் இரவு பத்து மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். பகலெல்லாம் கான்கிரீட் கூரை வாங்கிய சூடு, சூரியன் மறைந்த பிறகும் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் தங்கிய குகைகளில் இந்தத் தொல்லை இல்லை. எப்படி?

குளுமையின் ரகசியம் என்ன?

தடிமன்தான். கான்கிரீட் கூரை சில அங்குலம். குகையின் கூரையோ பல மீட்டர் பாறை. வெயிலின் சூடு பாறைக்குள் மெதுவாகத்தான் நகரும். அது உள்ளே வந்து சேர்வதற்குள் இரவு வந்து, மேற்பரப்பு ஆறிவிடும்.

மழை பெய்தால்?

தூத்துக்குடிக்குக் கடல் தாண்டி, அனுராதபுரம் அருகே உள்ள மிகிந்தலையில் விடை இருக்கிறது. அங்குள்ள குகைகளின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. பாறையில் வழியும் மழைநீர், உள்ளே போகாமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். இன்றைய சன்ஷேட் செய்யும் அதே வேலை! தமிழகத்தில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளிலும் இதே உத்தி உண்டு. இங்கே இதற்குக் ‘காடி’ என்று பெயர்.

குடிநீருக்கு என்ன செய்தார்கள்?

மும்பையின் கன்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. பாறையில் சிறு கால்வாய்கள் வெட்டி, மழைநீரைக் குகை வாசலருகே குடைந்த தொட்டிகளில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமானது 2003-ல்தான்.

அப்போ குகையில் குடியேறணுமா?

தேவையில்லை. குகையில் வெளிச்சம் குறைவு, அறைகளும் சிறியவை. குடும்பம் நடத்த அது சரிப்படாது. ஆனால் கூரைக்கு நிழல், ஜன்னலுக்கு மேல் ஆழமான சன்ஷேட், மழைநீருக்குத் தொட்டி ஆகிய மூன்றும் சாதாரண வீட்டிலும் முடியும். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் மட்டுமே கிடைக்கும் தூத்துக்குடிக்குத் தொட்டி மிக அவசியம்.

இன்றைக்கு இதைப் பேசுவது ஏன்?

இந்தக் கட்டிடக் கலையில் கட்டிடம் என்பதே மலைதான். மதுரை அருகே அரிட்டாபட்டியில் தமிழ் பிராமி கல்வெட்டுடன் சமணர் குகை இருக்கிறது. சுற்றிலும் சுனைகளும் ஏரிகளும் உண்டு. 2022-ல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் 2024-ல் அந்தப் பகுதியையும் சேர்த்து சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தை மத்திய அரசு முடித்தது. ஊர் மக்கள் போராடினார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

ஒரு ஆபத்து விலகியது, கேள்வி விலகவில்லை. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்துக்கும் சுரங்கத்துக்கும் தடை. அடுத்த 200 மீட்டரில் கட்டுப்பாடு. ஆனால் சுனைக்கு வரும் தண்ணீர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மலையின் மறுபக்கத்தை வெட்டினாலும் ஊற்று வற்றலாம். கல்வெட்டும் கற்படுக்கையும் அப்படியே இருக்கும். துறவிகள் அங்கே தங்கக் காரணமாக இருந்த தண்ணீர் மட்டும் இருக்காது.