சாரி என்று சொன்னால் போதுமா?

லூக்கா 19ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களை வாசித்துவிட்டு இவ்வாரச் சிந்தனைக்கு வாருங்கள்.

நம்முடைய வீடுகளில் நன்றாகக் குடியேறிவிட்ட ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது ‘சாரி’. தொலைபேசியில் பேச்சுக் கேளாவிட்டால் ‘சாரி?’ என்கிறோம். பேருந்தில் பிறர் காலை மிதித்துவிட்டால் ‘சாரி’. துக்க வீட்டில் வேறு சொல் கிடைக்காதபோது ‘சாரி’. கடன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பவும் ‘சாரி’. ஆங்கிலத்தில் சீர்கெட்டுக் கிடக்கும் நிலைமையைக் குறிப்பதற்கும் அதே சொல் வழங்குகிறது. கேள்வி, மரியாதை, இரக்கம், மறுப்பு, இகழ்ச்சி என்று இத்தனை பொருள்களை ஒரே சொல் சுமக்கிறது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்தபின்பும், பிறர் பணத்தை விழுங்கியபின்பும், மனைவியைக் கைநீட்டி அடித்தபின்பும் அதே சொல்லை எடுத்து நீட்டி, ‘காரியம் முடிந்தது’ என்று எழுந்து போகிறோமே, அதை எதிர்த்தே எழுதுகிறேன். மிதிபட்ட காலுக்குப் போதுமான சொல் மிதிபட்ட வாழ்வுக்குப் போதாது.

இந்தச் சொல்லின் பிறப்பைச் சற்று பாருங்கள். துக்கத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்னும் சொல்லிலிருந்து இது வந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் வேர் ‘ஸோர்’, அதாவது புண், வலி. பிற்காலத்தில்தான் இவ்விரு சொற்களும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கி வந்தன. ஆகவே பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உரியவன் உள்ளத்தில் புண்பட்டவன், வலியோடு நிற்பவன். இன்று நாம் அதைச் சொல்லும்போது நம்மில் எங்கே வலிக்கிறது? புண் முழுவதும் எதிரே நிற்பவரிடம் இருக்கிறது. நம்மிடம் சொல் மட்டும் இருக்கிறது.

அகராதியைத் திறந்தால் இதற்கு இணையாகப் பல சொற்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவை ஒரே பொருள் உடையவை அல்ல. ‘ரிமோர்ஸ்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘மீண்டும் கடித்தல்’ என்று பொருள். செய்த தீமை மனச்சாட்சியைத் திரும்பத் திரும்பக் கடிக்கிறது. ‘கன்ட்ரைட்’ என்பது அரைக்கப்பட்டு நொறுங்கியதைக் குறிக்கும். 51ஆம் சங்கீதத்தில் தாவீது பேசுகிற நொறுங்குண்ட இருதயம் அதுவே. ‘அபாலஜி’ என்ற சொல்லின் கதையோ வேறு. கிரேக்கத்தில் அதற்கு ‘தற்காப்புரை’ என்று பொருள். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலுக்கு அப்பெயர் வந்தது இதனால்தான். அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் எருசலேமின் ஜனங்கள் முன்பாக உரைத்ததும் கிரேக்க மூலத்தில் இதே சொல்லால் குறிக்கப்படுகிறது. மன்னிப்புக் கேட்டல் என்ற பொருள் அச்சொல்லுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

நாமோ அதைப் பழைய பொருளுக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டோம். ‘சாரி, ஆனால் நீங்களும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்கிறோம். ‘ஆனால்’ வந்தவுடனே மன்னிப்பு மறைந்து தற்காப்புரை தொடங்குகிறது. இதைவிடத் தந்திரமான வடிவம் ஒன்றும் உண்டு: ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் சாரி.’ இங்கே செய்தவனுடைய செயல் எங்குமே இல்லை. குறை முழுவதும் கேட்பவருடைய மென்மையான மனத்தின்மேல் ஏற்றப்படுகிறது. சபைக் கமிட்டிகளிலும் குடும்பப் பஞ்சாயத்துகளிலும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்!

வேதம் இவ்வளவு மலிவான சொல்லை நமக்குக் கற்றுத்தரவில்லை. பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் திரும்புதலைக் குறிக்கிறது. போகிற வழியை விட்டுத் திரும்பி நடத்தல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மனம் மாறுதலைக் குறிக்கிறது. நம்முடைய தமிழ் வேதாகமமோ ‘மனந்திரும்புதல்’ என்னும் ஒரே சொல்லில் இரண்டையும் சேர்த்துத் தந்திருக்கிறது. 1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். வாழ்நாள் முழுவதும் செய்யவேண்டியதை நாம் இரண்டு எழுத்துகளில் முடித்துக்கொள்கிறோம்.

‘உள்ளே வருத்தம் இருக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்பீர்கள். மத்தேயுவில் இரண்டு மனிதரைப் பாருங்கள். 21ஆம் அதிகாரத்தின் உவமையில் திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்ற குமாரனும், 27ஆம் அதிகாரத்தில் யூதாசும் மனஸ்தாபப்பட்டார்கள். தமிழிலும் அதே சொல். கிரேக்கத்திலும் அதே சொல். ஆயினும் குமாரன் எழுந்து, தான் மறுத்த தகப்பனுடைய தோட்டத்துக்கே போனான். யூதாசு வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான். தன் பாவத்தையும் அறிக்கையிட்டான். ஆனால் அவன் போனது ஆசாரியரிடத்துக்கு. தான் காட்டிக்கொடுத்த கர்த்தரிடத்துக்கு அவன் திரும்பவில்லை. வருத்தம் இருவருக்கும் இருந்தது. கால்கள் போன திசையே அவர்களைப் பிரித்தது.

சகேயுவைப் பாருங்கள். அவன் மன்னிப்புக் கேட்டுச் சொன்ன சொல் ஒன்றையும் லூக்கா எழுதவில்லை. அவன் கணக்குப் பேசினான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் பிரமாணமும் அப்படியே. வஞ்சித்து எடுத்ததன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும், அதன்பின்பே குற்றநிவாரணபலி. முதலில் அயலான், பிறகு பலிபீடம். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தராமல் காணிக்கைத் தட்டில் தாராளமாய்ப் போடுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கக் கடவர்கள்.

இனி நான் சொல்வது மூப்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும். ‘அவர்தான் சாரி சொல்லிவிட்டாரே, நீ ஏன் இன்னும் மன்னிக்கவில்லை?’ என்று அடிபட்டவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். லூக்கா 17ஐ அவளுக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். ஒரு நாளில் ஏழுதரம் மன்னிக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டது உண்மை. ஆனால் அதே இடத்தில், குற்றஞ்செய்த சகோதரனைக் கடிந்துகொள்ளவும் கட்டளையிட்டார். அந்த வேலை உங்களுடையது அல்லவா? மன்னிக்கும்படியான கட்டளை அநியாயத்துக்குட்பட்டவருக்குக் கொடுக்கப்பட்டது. அநியாயம் செய்தவன் அதைப் பற்றுச்சீட்டாக நீட்டக் கூடாது. மேலும், மன்னிப்பது வேறு. அடித்த கைக்குள் மறுபடியும் போய்ச் சேருவது வேறு. கசப்பை விட்டுவிட்ட பெண்ணும் பாதுகாப்பான இடத்தில் தங்கியிருக்கலாம். அவளைக் கட்டாயப்படுத்தி அனுப்பிவைத்து, அதைச் சமாதானம் என்று சபையில் அறிவிப்பது பாவம்.

ஆகவே இவ்வாரம் ஒன்றைச் செய்யுங்கள். நீங்கள் ‘சாரி’ சொல்லி முடித்துவிட்ட ஒரு காரியத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த மனிதர் உங்களைச் சந்திக்க விரும்பினால் நேரில் போங்கள். விரும்பாவிட்டால் அதையும் மதியுங்கள். செய்ததை அதன் பெயரால் சொல்லுங்கள்: ‘நான் உங்களைக் குறித்துப் பொய் சொன்னேன்’, ‘உங்கள் பணத்தை வைத்துக்கொண்டேன்.’ ‘ஆனால்’ வேண்டாம், ‘இருந்தால்’ வேண்டாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். பொய்யை யாரிடத்தில் பரப்பினீர்களோ, அவர்களிடத்திலேயே போய் அதைத் திருத்துங்கள். பின்பு பதிலை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

வெட்கமாகத்தான் இருக்கும். ஆயினும் சகேயு மரத்திலிருந்து சந்தோஷத்தோடே இறங்கினான் என்பதை மறவாதிருங்கள். இயேசு அவனுடைய வீட்டுக்கு வருவதாக முன்னதாகவே சொல்லியிருந்தார். அந்தக் கிருபையே அவனுடைய பணப்பையைத் திறந்தது. அதே கிருபை உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கிறது. நம்மைத் திருப்புகிற கர்த்தர்தாமே நம்முடைய வார்த்தைகளுக்குக் கால்களையும் கைகளையும் தந்தருள்வாராக. ஆமென்.