ஒரு சுண்டெலி, இரண்டு குழிகள்

எலி என்றவுடன் நம்மில் பலருக்குப் பிள்ளையாரின் வாகனம் நினைவுக்கு வரும். எனக்கோ, கடந்த ஓராண்டாக, ஆய்வுக்கூட உறைபெட்டியில் மைனஸ் 80 பாகையில் அடுக்கி வைத்திருந்த 24 சிறு குப்பிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சுண்டெலியின் சீரம். அதில் இண்டர்லியூக்கின்-6 எனும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே என் இறுதியாண்டு ஆய்வு.

அறிவியல் துறை சாராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். (கவிதைகளுக்கு நடுவே எலியைக் கொண்டுவந்ததை ஆசிரியர் குழு பொறுத்தருள்க!) இந்த அளவீட்டு முறைக்கு எலைசா என்று பெயர். 1971-இல் சுவீடனிலும் நெதர்லாந்திலும் இரு குழுவினர் தனித்தனியே வெளியிட்டது. அதற்கு முன் யாலோவும் பெர்சனும் உருவாக்கிய முறைக்குக் கதிரியக்கப் பொருள் தேவைப்பட்டது. எலைசாவில் அந்த வேலையை நொதி செய்கிறது. 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு. குழியின் அடியில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள் நமக்கு வேண்டிய புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து இன்னோர் எதிர்ப்பொருள் வந்து அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றும். அதனோடு இணையும் நொதி, நிறமற்ற கரைசலை நீலமாக்கும். அமிலம் விட்டால் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி படித்துச் சொல்ல, நாம் அதைப் பிக்கோகிராமாக மாற்றிக்கொள்கிறோம். ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் பிக்கோகிராம்.

இவை எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன, செய்முறைத் தாளோடு. சமையல் குறிப்பைப் போல வரிசையாக எழுதியிருக்கும். என் வருத்தமும் அங்கேதான் தொடங்குகிறது. படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் செய்துவிடலாம் என்ற எண்ணத்தை அந்தப் பெட்டி நமக்குத் தந்துவிடுகிறது. சுண்டெலியின் இரத்தத்தில் அதன் சொந்த எதிர்ப்பொருள்கள் நிறைந்திருக்கும். சுண்டெலி எதிர்ப்பொருளைப் பற்றும் ஒன்றைக் கவனமின்றிப் பயன்படுத்தினால், இல்லாத புரதம் இருப்பதுபோல் தெரியக்கூடும். அதனால்தான் இத்தகைய பெட்டிகள் பலவற்றில் வேறு வகை எலியிலோ ஆட்டிலோ முயலிலோ உருவாக்கிய எதிர்ப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். இதை நான் என் அளவீடு முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகே தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் இடுவது வழக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தர வேண்டும். எனக்கு ஒரு சுண்டெலியில் 0.41 வந்தது, பக்கத்துக் குழியில் 0.79! ஒன்றல்ல, ஐந்து சுண்டெலிகளுக்கு இப்படி. கழுவும்போது சில குழிகளில் நீர் தங்கிவிட்டது. பிப்பெட்டைப் பிடித்த கையும் நடுங்கியது. திரும்பச் செய்யலாமே என்பீர்கள். 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலில் மொத்தமே இரண்டு மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் இராது. அதில் எடுக்க முடிந்தது ஒரு பகுதி. அதில் சீரம் பாதி. மற்ற சோதனைகளுக்குப் போக மிச்சமிருந்ததை நான் செலவழித்துவிட்டேன்.

"தங்கச்சி, எது ஒத்து வருதோ அந்தக் குழிய மட்டும் வச்சுக்கோ, மத்தத விட்டுரு. எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க," என்றார் அனுபவமுள்ள ஓர் அக்கா. நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஓர் இரவு முழுதும் அந்த 0.79 என் அட்டவணையில் இல்லை. வரைபடம் அழகாக இருந்தது. மறுநாள் காலை அதைத் திரும்பச் சேர்த்து, ஐந்து சுண்டெலிகளுக்கும் "முடிவில்லை" என்று எழுதினேன். ஒத்து வருவதை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எலி எதற்கு?

1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய நூலிலிருந்து வந்த மூன்று நெறிகளை எங்களுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கிறார்கள்: விலங்குக்கு மாற்று காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல். தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால், பழகாத கையில் கொடுத்த மாதிரியும் வீணாகிய உயிர்தானே? அந்தக் கணக்கு எந்த ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது?

பயிற்சிக்கு ஏது பணம் என்ற கேள்வி நியாயமானது. ஒரு பெட்டியின் விலை என் ஒரு பருவக் கட்டணத்தை விட அதிகம். ஆனால், கையைப் பழக்கப் பெட்டி தேவையில்லை. நான் படித்த தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் ஆசிரியை, வெறும் தண்ணீரைப் பத்து முறை சரியாக அளக்கும்வரை உப்புக் கரைசலைத் தொட விடமாட்டார். "குனிஞ்சு, கண் மட்டத்துல பாரு" என்பார். இடைநிலைப்பள்ளியில் மலாய், இங்கே ஆங்கிலம் என்று மொழி மாறிக்கொண்டே வந்தபோது அந்தப் பத்து முறை மட்டும் எங்கோ விடுபட்டுப் போயிற்று. இளங்கலை மாணவர் கையில் சீரத்தைக் கொடுக்குமுன், இரட்டைக் குழிகள் ஒத்துவரும் ஒரு தட்டையாவது அவர் காட்ட வேண்டும் என்று துறைகள் விதி வகுக்க வேண்டும். தண்ணீரும் கேசரிக்குப் போடும் மஞ்சள் சாயமும் பழைய தட்டும் போதும். அதே கருவி படித்துவிடும்.

போன மாதம் இரண்டாம் ஆண்டுத் தங்கைகள் மூவரை அழைத்து இதைச் செய்து பார்த்தோம். முதல் தட்டைப் பார்த்து மூவரும் சிரித்தார்கள். இரண்டாவதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான்காவது தட்டில்தான் ஒருத்தியின் எண்கள் ஒத்துவந்தன. அதுவரை செலவானது ஒரு சிட்டிகைச் சாயம்.