ஆராய்ச்சி யாருக்காக? லூகாஸ் தொழிலாளர்கள் கேட்ட கேள்வி

விஞ்ஞானம் வளர்கிறது என்கிறார்கள். வளர்வது உண்மைதான். ஆனால் எந்தத் திசையில் வளர்கிறது, யார் சொல்லி வளர்கிறது, யாருடைய வீட்டில் விளக்கேற்றுகிறது? இந்தக் கேள்விகளை மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்து வருகிறது. கேட்டால், "இது நிபுணர்களின் விஷயம், உங்களுக்கு ஏன்?" என்று வாயடைத்து விடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். அவர்கள் சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் அல்ல. லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற கம்பெனியில் கடைசல் பிடித்தவர்கள், வரைபடம் போட்டவர்கள், யந்திரங்களைப் பூட்டியவர்கள். கேள்வி கேட்டதோடு நில்லாமல், பதிலையும் அவர்களே தயாரித்தார்கள்.

லூகாஸ் என்ற பெயர் சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் லூகாஸும் டி.வி.எஸ். நிறுவனமும் 1961-ம் ஆண்டில் பாடியில் கூட்டாகத் தொடங்கிய ஆலையின் பெயர் இன்றும் அந்த வட்டாரத்தின் அடையாளமாக நிற்கிறது. அந்தத் தாய்க் கம்பெனியின் விமானப் பகுதிதான் லூகாஸ் ஏரோஸ்பேஸ். 1970-களின் தொடக்கத்தில் 17 இடங்களில் சுமார் 18,000 பேர் அதில் வேலை செய்தார்கள். உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி ராணுவத்துக்குப் போயிற்று.

வேலை பறிபோகும் நிலையில்

அப்போது ஆட்குறைப்பு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கியது. ராணுவ ஆர்டர் குறைந்தால் வேலை போகும். வேலை வேண்டுமென்றால் இன்னும் கொலைக் கருவி செய்ய வேண்டும். இதுதான் நிர்வாகம் காட்டிய வழி. பல சங்கங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர்கள் ஆலைகளின் பிரதிநிதிகளைக் கொண்டு ஒரு கூட்டுக் கமிட்டி அமைத்தார்கள். கைவேலைக்காரரும் மேஜை வேலைக்காரரும் ஒரே கமிட்டியில் உட்கார்ந்தது பிரிட்டனில் அபூர்வமான காரியம்.

1974 நவம்பரில் கமிட்டியின் தூதுக்குழு தொழில்துறை மந்திரி டோனி பென்னைச் சந்தித்தது. கம்பெனியைத் தேசியமயமாக்கும் அதிகாரம் தமக்கு இல்லையென்று சொன்ன மந்திரி, "நீங்களே ஒரு மாற்றுத் திட்டம் தயாரியுங்கள்" என்று யோசனை கூறினார்.

முதலில் கமிட்டி 180 நிபுணர்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் கடிதம் எழுதிற்று. பதில் போட்டவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். பிறகு கமிட்டி தன் சொந்தத் தொழிலாளர்களிடமே திரும்பியது. உங்கள் ஆலையில் என்ன யந்திரங்கள் உள்ளன, உங்களுக்கு என்ன வேலை தெரியும், மக்களுக்கு உபயோகமான எதை நம்மால் செய்ய முடியும் என்று கேள்வித்தாள் அனுப்பியது. பதில்கள் வந்து குவிந்தன. 1976 ஜனவரியில் சுமார் 150 பொருள்களுக்கான யோசனைகளோடு லூகாஸ் மாற்றுத் திட்டம் வெளிவந்தது.

என்னென்ன சொன்னார்கள்?

மூத்திரக்காய் கெட்டுப்போன நோயாளியின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் யந்திரத்தை அந்தக் கம்பெனியே தயாரித்து வந்தது. அந்நாளில் பிரிட்டனில் யந்திரம் போதாமல், வயதானவர்களுக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது. நிர்வாகமோ அந்தப் பகுதியை விற்றுத் தொலைக்கப் பார்த்தது. தொழிலாளர்கள் விற்பனையைத் தடுத்தார்கள். உற்பத்தியைப் பெருக்குங்கள் என்றார்கள்.

குளிர் நாட்டு வீடுகளுக்கு வெப்பப் பம்பு செய்யலாம் என்றார்கள். குளிர்பதனப் பெட்டியைத் திருப்பி வைத்தாற்போன்ற யந்திரம் அது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் இழுத்து வீட்டுக்குள் விடும். செலவிடும் சக்தியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வெப்பம் தரும். காற்றாலையும் சூரிய சக்திக் கருவிகளும் சொன்னார்கள். சிறிய எஞ்சினையும் பாட்டரியையும் மின் மோட்டாரையும் ஒன்றாக இணைத்த வாகனம் சொன்னார்கள்; எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடும், எரிபொருள் மிச்சம், புகை குறைவு. தண்டவாளத்திலும் சாலையிலும் ஓடக்கூடிய பஸ் சொன்னார்கள்.

பொருள் நீடித்து உழைக்க வேண்டும், பழுது பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும், அதைச் செய்கிறவனின் திறமையை அழிக்காமல் வளர்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆழ்கடலிலும் தீப்பிடித்த இடத்திலும் சுரங்கத்திலும் யந்திரக் கை உள்ளே போகட்டும். மனிதன் பத்திரமான இடத்தில் நின்று தன் அனுபவத்தால் அதை இயக்கட்டும் என்றார்கள். மனிதனை விரட்டும் யந்திரத்தை அவர்கள் கேட்கவில்லை. அவன் உயிரைக் காத்து, அவன் கைத்திறனைக் காக்கும் யந்திரத்தைத்தான் கேட்டார்கள்.

கமிட்டியின் முன்னணியில் நின்ற டிசைன் எஞ்சினீயர் மைக் கூலி, ஒலியை மிஞ்சும் கான்கார்டு விமானத்தைக் கட்டத் தெரிந்த சமுதாயத்தில் வயோதிகர்கள் குளிரில் விறைத்துச் சாவானேன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை.

நிர்வாகத்தின் பதில்

கம்பெனி திட்டத்தை நிராகரித்தது. விமானத் தொழில்தான் எங்கள் தொழில் என்றது. முதுகுத்தண்டு பிளவோடு பிறந்து நடக்க முடியாத குழந்தைகளுக்காகத் தொழிலாளர்கள் ஒரு சிறு வண்டி வடிவமைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 2,000 வண்டிகளுக்கு ஆர்டர் வந்தது. அதையும் செய்ய மறுத்தது கம்பெனி! வாங்க ஆள் இல்லை என்ற சாக்கும் இங்கே எடுபடாதல்லவா?

1981-ல் மைக் கூலி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில், மாற்று நோபல் என்று உலகம் அழைக்கும் ரைட் லைவ்லிஹூட் பரிசு அவருக்குக் கிடைத்தது. கம்பெனி வெளியே தள்ளிய மனிதனை உலகம் கௌரவித்தது.

"தொழிலாளர் யோசனை நல்லதுதான், ஆனால் சந்தையில் விலை போக வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நியாயமான கேள்விதான். ஆனால் போர் விமானத்தின் உறுப்புகள் எந்தச் சந்தையில் விலை போயின? சர்க்கார்தான் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு வாங்கிற்று. குண்டுக்குக் கஜானா திறக்குமானால் டயாலிசிஸ் யந்திரத்துக்கு ஏன் திறக்கக் கூடாது?

சந்தையின் தீர்ப்பையே எடுத்துக்கொண்டாலும், காலம் யார் பக்கம் பேசிற்று? எஞ்சினும் மோட்டாரும் இணைந்த காரை 1997-ல் டொயோட்டா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. காற்றாலையும் வெப்பப் பம்பும் இன்று உலகெங்கும் பெருந்தொழில்கள். லூகாஸ் கம்பெனியோ 1996-ல் வேறொரு கம்பெனியுடன் இணைந்து, 1999-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. தொலைநோக்கு இருந்தது நிர்வாக அறையிலா, பட்டறையிலா?

அப்படியானால் திட்டம் ஏன் தோற்றது? அது தொழில் நுணுக்கத்தில் தோற்கவில்லை. எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தொழிலாளி தொட்டான். அதை மட்டும் முதலாளி விட்டுக்கொடுக்க மாட்டான். தொழிற்கட்சி சர்க்காரும் கைகொடுக்கவில்லை; பென் 1975-லேயே வேறு இலாகாவுக்கு மாற்றப்பட்டார். பல சங்கங்களின் மேல்மட்டத் தலைமையும், தங்கள் வரம்புக்குள் அடங்காத கூட்டுக் கமிட்டியை அரவணைக்கவில்லை. இந்தக் கடைசிக் காரணம் நமக்கும் பாடம். ஆலைக்கு ஆலை, சங்கத்துக்குச் சங்கம் பிரிந்து நிற்கிறவரை நல்ல யோசனை காகிதத்திலேயே கிடக்கும்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் மனிதன் சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறான். 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. அப்படிச் செத்தவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. குழிக்குள் இறங்கும் யந்திரத்தை 2018-லேயே கேரளத்து இளம் எஞ்சினீயர்கள் திருவனந்தபுரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, யந்திரமும் இருக்கிறது. ஆனாலும் மனிதன் இறங்குகிறான். விண்ணுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் இது விஞ்ஞானத்தின் குறையா? இல்லை. எது முதலில் என்று தீர்மானிக்கும் மேஜையில் குழிக்குள் இறங்குகிறவனுக்கு நாற்காலி இல்லை. குறை அங்கேதான்.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டிகளில், அந்தப் பொருளைச் செய்யும் தொழிலாளிக்கும், அதை நம்பி வாழப்போகும் நோயாளிக்கும், விவசாயிக்கும், துப்புரவுத் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். மருந்தானாலும் யந்திரமானாலும் இதுவே நியாயம்.

தொழிற்சங்கங்களும் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு நின்றுவிடலாகாது. அவை அவசியம், அவற்றில் விட்டுக்கொடுப்பில்லை. ஆனால் லூகாஸ் தொழிலாளர்கள் அனுப்பிய கேள்வித்தாளை நம் ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுற்றுக்கு விட்டுப் பார்க்கலாமே! நமக்கு என்ன தெரியும்? நம்மிடம் என்ன யந்திரம் இருக்கிறது? நம் மக்களுக்கு எது தேவை? பதில்கள் வந்து குவியும். அந்தப் பதில்களைக் கையில் ஏந்திக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத்தை, "இது நிபுணர்களின் விஷயம்" என்று யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.