நிலத்தாய் அழவில்லை

2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நெய்வேலி நிறுவனத்தின் இயந்திரங்கள் நின்ற நெல்லுக்குள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். அதற்குப்பின் இந்தப் பக்கத்தில் எழுதப்பட்டு என் பார்வைக்கு வந்த கவிதைகள் அனைத்திலும் நிலத்தாய் அழுகிறாள். (கம்மாபுரத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவனிடம் கடன் மனுவோடு கவிதை நோட்டும் வரும்.) ஒன்றில்கூட நெல் இல்லை.

அஃறிணையைப் பேச வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைச் செலவில்லாமல் செய்வதில்தான். பி.ஏ. ஆங்கில வகுப்பில் பர்ஸானிபிகேஷன் என்று ஒரு நகையைப் போல இதைக் கற்றுக் கொடுத்தார்கள். உணர்ச்சி வேகத்தில் இயற்கையைப் பிறழப் பார்ப்பதற்கு ரஸ்கின் 1856இல் பெயர் வைத்துக் கண்டித்ததையும் படித்தோம். நம் இலக்கணம் இதைவிடக் கறாரானது. உயர்திணையும் அஃறிணையும் வினைமுற்று வரை பிரிந்து நிற்கும் மொழி இது. மாடு 'வந்தாள்' என்றால் அது முதலில் வழு. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்ற காரணங்கள் இருந்தால் நன்னூல் அதை அனுமதிக்கிறது. வழு என்ற கூச்சம் எழுதுகிறவனுக்கு இருந்தால்தான் அமைதிக்கு அர்த்தம். 'நிலத்தாய்' என்று எழுதுகிறவனுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. வானம்பாடிகள் காலத்திலிருந்து தேய்ந்த காசு அது. எந்தக் கடையிலும் செல்லும்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டுகின்றன. ஆனால் கொடி முதலில் காற்றில் அப்படித்தான் அசைகிறது. கண் பார்த்ததன் மேல்தான் கவி தன் குறிப்பை ஏற்றுகிறான். கபிலர் இன்னும் கடினமானவர். குறுந்தொகை 25இல், களவு மணத்தன்று உடனிருந்தது ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டுமே. அதற்கு அவர் வாய் கொடுக்கவில்லை, கண்ணீரும் கொடுக்கவில்லை. அது பசித்த குருகு, அவ்வளவே. சாட்சி சொல்லாத சாட்சி என்பதால்தான் அவள் நிலைமை நம்மைக் குத்துகிறது. நம் கவிஞர் கையில் அகப்பட்டிருந்தால் அந்தக் குருகு ஒப்பாரி வைத்திருக்கும்.

விவசாயிகள் பேச்சிலும் பயிர் உயிர் பெறுகிறது. நெல் சூல் கட்டியிருக்கிறது, பால் பிடித்திருக்கிறது என்கிறார்கள். அது அலங்காரம் அல்ல, தகவல். சூல் பயிருக்குத் தண்ணீர் காயக்கூடாது. சொல் தவறினால் விளைச்சல் தவறும். அழிந்த பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்று அழுகைக் கவிதைகளில் ஒன்றாவது சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இந்தத் தாயின் அழுகைச் சத்தத்தில் இன்னொரு ஆள் தப்பித்துக் கொள்கிறான் என்பதுதான் என் முக்கியமான கோபம். 1897ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்டின்படி 'ஆள்' என்ற சொல்லில் கம்பெனியும் அடக்கம். நிலம் வாங்கும், வழக்காடும், ஆனால் சாகாது. கங்கையையும் யமுனையையும் சட்டப்படி ஆட்கள் என்று 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் அறிவித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கம்பெனியின் ஆள்தன்மைக்கு அப்படி ஒரு தடை வந்ததில்லை. எங்கள் வங்கியும் அந்த ஜாதிதான். கடன் பத்திரத்தில் அது கருதுகிறது, திருப்தியடைகிறது, உரிமையை ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. நான் அதன் வாயில் முத்திரை குத்துகிறேன்.

நம் காலத்தின் ஆகப்பெரிய திணைவழு இது. அமைதி தேடித்தர எந்த நன்னூலும் தேவைப்படவில்லை. தினமும் இதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் கவிதை எழுத உட்கார்ந்ததும் மண்ணைத் தாயாக்கிக் கண்ணீர் விடுகிறார்கள். அந்த ஆளை, அவன் வாக்கியங்களை, அவனுக்கு முகம் இல்லாததை எழுதிய தமிழ்க் கவிதை எதையும் நான் இன்னும் படிக்கவில்லை.