ஃப்ளாப்பி மேல பழி போடாதீங்க!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே.

2000-ல செம்பூர்ல நாங்க இருந்தது ஒரு ஹால், ஒரு கிச்சன் அவ்ளோதான். மேஜை மேல மானிட்டர், கீழே தரையில பொட்டி, பக்கத்துல ஜன்னல். திறந்தா ரோட்டுப் புழுதி, மூடினா மழைக்கால ஈரம். ரிடையர் ஆன அப்பா முரசு அஞ்சல் பழகி, ஊர்லேர்ந்து ரயிலேறி பம்பாய் வந்த கதையைத் தமிழ்ல அடிச்சு நாலு ஃப்ளாப்பியில சேத்து வெச்சார். பிரிண்ட் எடுக்கலாம்னு ஆபீஸ் கொண்டு போனா, "ஃபார்மட் செய்யவா?"ன்னு கேக்குது. வீட்ல போட்டா ஒழுங்கா திறக்குது!

எல்லாரையும் போல நானும் ஃப்ளாப்பியைத்தான் திட்டினேன். ஆனா கோளாறு டிரைவுல. 3.5 இஞ்ச் ஃப்ளாப்பியில ஒரு பக்கத்துக்கு 80 தடம். டிரைவோட ஹெட் துளி விலகிப் போனாலும், தான் எழுதினதைத் தானே படிச்சிக்கும். அடுத்த டிரைவுக்கு அது புரியாது.

அடுத்தது, வெச்ச இடம். பொட்டிக்குப் பின்னாடி இருக்கற ஃபேன் காத்தை வெளியே தள்ளும். அந்தக் காத்து உள்ள வர்ற வழிகள்ல ஒண்ணு முன்னாடி இருக்கற ஃப்ளாப்பி வாய். ஹார்ட் டிஸ்க்ல ஹெட் தட்டைத் தொடாது, தூசியும் அண்டாது. ஃப்ளாப்பியில ஹெட் உரசிக்கிட்டே ஓடும். தரைப் புழுதி உள்ள போனா கீறல்தான். மானிட்டரைத் தலையில சுமந்துகிட்டு மேஜை மேல படுத்திருந்த பழைய பொட்டிகளே தேவலை. இடம் மிச்சம்னு தரைக்கு இறக்கினது நாமதான்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒண்ணு பண்ணினேன். புது கம்ப்யூட்டர் வந்ததும் பழைய பொட்டியை பங்கார்வாலாகிட்ட போட்டுட்டு, ஃப்ளாப்பிகளை மட்டும் பத்திரமா வெச்சேன். அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே டிரைவ் எடைக்குப் போச்சு!

அப்பா இப்ப இல்லை. போன வருஷம் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் மூணு மாத்திப் பாத்தேன். மூணாவதுல ரெண்டு ஃப்ளாப்பி திறந்துச்சு. எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கலா வந்துச்சு, யூனிகோடுக்கு மாத்தினதும் அப்பா பேசினார். மாதுங்கா வந்து இறங்கினது வரைக்கும் கிடைச்சுது. செம்பூர்ல குடியேறின கதை போயே போச்சு.

சோனி ஃப்ளாப்பி விக்கறதை 2011-லயே நிறுத்தியாச்சு. உங்க வீட்டுப் பரண்லயும் ரெண்டு ஃப்ளாப்பி கிடக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க. பூஞ்சை பூத்திருந்தா டிரைவுல போடாதீங்க, ஹெட்டும் பாழாகும். ஃபார்மட் கேட்டா "வேண்டாம்"னு சொல்லிட்டு வேற டிரைவுல போடுங்க. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொண்ணு படிக்கலாம். கிடைச்சதை ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க.

பழைய பொட்டி இன்னும் வீட்ல இருந்தா, பங்கார்வாலா மணி அடிச்சாலும் கதவைத் திறக்காதீங்க :-)