அவித்த கடலைக்கு ஹம்பேர்க்கில் என்ன குறை?

கோதுமை மா, வெண்ணெய், சீனி, கறுவா சேர்த்துச் சுருட்டிச் சுடும் பிரான்ஸ்பிறோட்ஷென், ஹம்பேர்க் நகரத்துக்கே உரிய பலகாரம். வேலைக்குப் போகும் தமிழர் பலருக்கும் பத்து மணித் தேத்தண்ணியோடு அது பழகிவிட்டது. மாலையில் வீடு திரும்பினால் முறுக்கு, மிக்சர், ரோல்ஸ் காத்திருக்கும். சோற்றைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதிப்படுகிறவர்கள்கூட, இடைத் தீனியாக உள்ளே போகும் மாவையும் சீனியையும் கணக்கில் எடுப்பதில்லை.

எடுத்தே ஆகவேண்டும். ஐரோப்பியரைவிடக் குறைந்த உடல் எடையிலேயே தெற்காசியருக்கு நீரிழிவு வருகிறது. அதனால்தான் உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தொட்டாலே ஆசியர் கவனமாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. பொதுவான அளவு 25.

எந்த உணவு இரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை, 1981இல் டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டனர். குளுக்கோஸ் 100 என்றால், 55உம் அதற்குக் கீழும் குறைவு. 70உம் அதற்கு மேலும் அதிகம். வெள்ளைப் பாண் 75 அளவில் நிற்க, அவித்த கொண்டைக்கடலை 30ஐ ஒட்டியும், கச்சான் அதைவிடக் கீழேயும் இருக்கின்றன.

ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குச் சிப்ஸின் குறியீடு, அவித்து மசித்த கிழங்கினுடையதைவிடக் குறைவாக வருவதுண்டு. அதற்காகச் சிப்ஸ் நல்ல தீனி ஆகிவிடாது.

ஜேர்மனி இந்தப் பாடத்தைச் சட்டத்தின் வழியாகவே கற்றது. சீனிக்குப் பதில் பழச்சர்க்கரை சேர்த்த ‘நீரிழிவு’ பிஸ்கட்டும் சொக்லேட்டும் இங்கே கடைகளில் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றால் நோயாளிக்குத் தனிப் பயன் இல்லை என்று கண்டு 2010இல் விதியை மாற்றினார்கள். 2012 ஒக்டோபரோடு அந்த முத்திரையே போய்விட்டது. ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ‘சீனி இல்லாத’ பிஸ்கட் தேடி அலைகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

நல்ல தீனிக்கு இந்த நகரத்தில் பஞ்சமே இல்லை. தகரத்தில் அடைத்த கொண்டைக்கடலை எந்தச் சுப்பர்மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைக்கிறது. வடித்துக் கழுவி, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூத் தூவப் பத்து நிமிடம் போதும். கௌபியையும் பாசிப்பயற்றையும் ஸ்ரைன்டாம் பக்கத்து ஆசியக் கடைகளில் வாங்கலாம். முழுத்தானியம் தெரியும் கறுத்த றை பாண் துண்டும் நல்லதே. 1820இல் தொடங்கிய கோல்ன் ஓட்ஸ் ஆலை, பக்கத்து எல்ம்ஸ்ஹோர்னில்தான் இருக்கிறது. ஓட்ஸ் வாங்கும்போது தடித்த செதிலைத் தேர்ந்தெடுங்கள். வெந்நீர் பட்டதும் கரையும் ரகம் சர்க்கரையை விரைவாக ஏற்றிவிடும்.

ஒன்று மட்டும் கவனம்: இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் கடலை உதவாது, அப்போது குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோதான் உடனே வேண்டும்.

தமிழ்ப் பள்ளிக் கலைவிழாக்களிலும் பிறந்தநாள் வீடுகளிலும் ரோல்ஸ் தட்டுக்கு முன்னால் ஒரு சட்டி கடலை வையுங்கள். பிள்ளைகளுக்கு அதை முதலில் பரிமாறுங்கள்.