விழுப்புரத்துல ஒரு கடுகு, திண்டிவனத்துல இன்னொரு கடுகு

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் கிளம்பினேன். ஆறாங்கிளாஸ் படிக்கிறான். பஸ் நகர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்.

"மாமா, சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே? அது மட்டும் ஏன் இவ்ளோ பெரிசா, பளிச்சுன்னு இருக்கு?"

"பக்கத்துல இருக்குடா."

"15 கோடி கிலோமீட்டர் பக்கமா மாமா? கிளாஸ்ல இதைக் கேட்டதுக்கு, புக்குல இருக்கறதை மட்டும் எழுதுன்னு உட்கார வெச்சுட்டாங்க."

சுருக்குன்னு இருந்தது மக்களே. நானும் அதே ஒரு வரியை எழுதி மார்க் வாங்கினவன்தான். அந்தப் பதில் தப்பில்லை. ஆனா எதை விடப் பக்கம்னு சொல்லாத வரைக்கும் அது பாதி பதில்தான்.

சரின்னு பையில இருந்த பேனாவை எடுத்தேன். நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். "இதோட ஒரு முனையில சூரியன், இன்னொரு முனையில பூமின்னு வெச்சுக்கோ. இந்தக் கணக்குல சூரியன் ஒரு கடுகு. பூமி கண்ணுக்கே தெரியாத தூசி. கடைசிக் கிரகமான நெப்டியூன் நாலேகால் மீட்டர்ல, இந்த பஸ்ஸுக்குள்ளயே அடங்கிடும். இப்ப சொல்லு, சூரியன் மாதிரியே இருக்கற பக்கத்து நட்சத்திரம் எங்க இருக்கும்?"

"பஸ் ஸ்டாண்டு வாசல்லயா?"

"திண்டிவனத்துல!"

நம்பலை. கணக்கு போட்டோம். ஆல்ஃபா சென்டாரி 4.37 ஒளியாண்டு தூரம். சூரியன் இருக்கற தூரத்தைப் போல சுமார் 2 லட்சத்து 76 ஆயிரம் மடங்கு. அதை 14 சென்டிமீட்டரால பெருக்கினா 38 கிலோமீட்டர் சொச்சம். விழுப்புரம் டு திண்டிவனம் அதேதான்! நடுவுல விக்கிரவாண்டி, மயிலம்னு எங்கேயும் ஒரு நட்சத்திரம் கிடையாது. பேனா தூரத்துல இருக்கற கடுகு வட்டமா தெரியும். திண்டிவனத்துல இருக்கற கடுகு? வெறும் புள்ளிதான்.

வெளிச்சம் இன்னும் மோசம். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், பத்து மடங்கானா நூறுல ஒரு பங்கு. ராத்திரி வானத்துல ரொம்பப் பிரகாசமான சிரியஸ், நிஜத்துல சூரியனைப் போல சுமார் 25 மடங்கு ஒளி விடுது. ஆனா நம்ம கணக்குல அது மதுராந்தகம் பக்கம் உட்கார்ந்திருக்கு. அதனால சூரியன்தான் அதை விட நமக்கு சுமார் 1,300 கோடி மடங்கு பிரகாசமா தெரியுது. திருவாதிரை நட்சத்திரம் சைக்கிள் சக்கரத்தை விடப் பெரிசு. ஆனா அது 3,000 கிலோமீட்டருக்கு அப்பால, இந்தியாவையே தாண்டி இருக்கு. ஆக, சூரியன் ஒண்ணும் பெரிய பிஸ்தா இல்லை. சாதாரண நட்சத்திரம்தான், நம்ம பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான்.

திண்டிவனத்துல இறங்கினதும் பையன் வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் கையில இருந்த பேனாவைப் பார்த்தான். "மாமா, 15 கோடி பக்கம்தான்."

என் கருத்து இதுதான். "15 கோடி பக்கமா?"ன்னு கேட்ட பையன் பாடத்தை ஒழுங்கா யோசிச்ச பையன். அவனை உட்கார வெச்சா அடுத்த கேள்வி வராது. 14 சென்டிமீட்டர் பேனாவும் 38 கிலோமீட்டர் பஸ் பயணமும் போதும், அவனுக்குப் பதில் சொல்ல.

உங்க ஊர்ல கடுகை வெச்சா, அடுத்த கடுகு எந்த ஊர்ல வருது? பின்னூட்டத்துல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வீட்டுப் பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க!